அக்கா கிண்டிய பச்சைக் கொழகொழ

அந்தப் பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து மாமா குடும்பம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்தபோது, மாமா மகள் ஒரு சின்ன டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள். உள்ளே பச்சை நிறத்தில் கொழகொழவென்று ஏதோ இருந்தது. ஸ்லைமாம். தூக்கினால் ஒழுகும், உருட்டினால் உருளும், கையில் மட்டும் ஒட்டாது. எங்கள் இருவருக்கும் எட்டு வயது. உலகத்தில் இதைவிடப் பெரிய சொத்து இருக்க முடியாது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

மாமா மகள் என்னைத் தொடவே விடவில்லை. அக்கா கேட்டபோது அக்காவின் விரல்களை உற்றுப் பார்த்தாள். பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சை முடிந்த லீவில் கொழுந்து பறிக்கப் போய்க் கறையேறிய விரல்கள். "வேணாம், அழுக்காயிரும்" என்றாள். அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

பெரியவர்கள் வேறு பேச்சில் இருந்தார்கள். அக்காவுக்கு விஞ்ஞானம் படிக்க ஆசை. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்கு அந்தப் பிரிவு கிடையாது. மாமா வீட்டில் தங்கிப் படிக்கட்டுமா என்று அம்மா கேட்டிருந்தார். மாமாவுக்குச் சம்மதம். மாமிதான் இழுத்தார். "எனக்கென்ன அண்ணி? இருக்கிறது ரெண்டு ரூம். எங்க பிள்ளை கட்டில்ல யாரையும் சேக்க மாட்டா. ராத்திரி பூரா ஒப்பாரி வச்சிருவா" என்றார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

நான் அழுத அழுகை தாங்காமல் அக்கா மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கினாள். லயத்துக் கோடியில் நின்ற செவ்வரத்தை என்கிற செம்பருத்தியில் இலை பறித்துத் தண்ணீரில் போட்டுக் கசக்கினாள். பச்சையாகக் கொழகொழப்பு வந்தது, ஆனால் மூக்குச்சளி போல விரலிடுக்கில் ஒழுகியது. ஒரு கை கோதுமை மாவைப் போட்டுப் பிசைந்தாள். தினமும் ரொட்டிக்குப் பிசைந்து பழகிய கை சும்மா இருக்குமா? கண்மூடித் திறப்பதற்குள் அது ரொட்டி மாவாகவே ஆகிவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து, "சுட்டுப் போடு தாயி, சம்பலோட சாப்பிடலாம்" என்றார்.

அக்கா அசரவில்லை. புதிதாக மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கஞ்சியாகக் காய்ச்சி, இலைச்சாற்றை விட்டுக் கிண்டினாள். கட்டி தட்டியது, துணியில் வடித்தாள். கையில் ஒட்டியது, தேங்காயெண்ணெய் விட்டாள். எண்ணெய் கூடி வழுக்கியது. மறுபடியும் அடுப்பு. ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி எடுத்து இறுக்கி, கையை விரித்துப் பார்ப்பாள். தேயிலை பெக்டரியில் கொழுந்து பதமாக வாடியிருக்கிறதா என்று அப்பா பார்ப்பது அப்படித்தான். இறுக்கிய பிடி சட்டென்று விரியக் கூடாது, மெல்ல விரிய வேண்டும். பின்னேரம் அக்காவின் உள்ளங்கையில் அந்தப் பச்சை உருண்டை சோம்பல் முறிப்பதுபோல விரிந்தது. கையில் ஒட்டவில்லை.

நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். எங்கள் அக்காவைப் போல ஒருத்தி எங்கள் திம்புள்ளப் பக்கம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மாமா மகளும் வந்தாள். அவளுடைய ஸ்லைம் அதற்குள் தூசி பட்டு இறுகிப் போயிருந்தது. அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றவள், "எனக்குத் தாங்க அக்கா" என்றாள்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு முழு உருண்டையையும் ஒரு ஜேம் போத்தலில் போட்டு மாமா மகளிடம் கொடுத்துவிட்டாள்.

"கெட்டியாயிட்டா சொல்லு. சுடுதண்ணி விட்டு சரி பண்ணித் தர்றேன்."

"நீங்க இங்கதானே இருப்பீங்க?"

"நீ கூப்பிட்டா வர்றேன்."

மாமா மகள் போத்தலோடு மாமியிடம் ஓடினாள். "அம்மா, அக்கா நம்ம வீட்டுக்கு வரட்டும்மா. என் கட்டில்ல படுக்கட்டும்!" என்று கத்தியது வாசல்வரை கேட்டது. மாமியும் சரியென்று தலையாட்ட, எங்கள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் தரையில் புரண்டு அழுதேன். "ஒனக்கு வேற செஞ்சு தர்றேன்டி" என்று அக்கா தூக்க வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். மாமா குடும்பம் பஸ் ஏறும்வரை அவளோடு பேசவில்லை. கொழும்பில் அக்காவுக்கு ஒரு கட்டிலில் பாதி இடம் கிடைத்துவிட்டது என்பதோ, இனி என் பாயில் பாதி வெறுமையாகக் கிடக்கப் போகிறது என்பதோ எனக்கு உறைக்கவில்லை. ஒரு போத்தல் ஸ்லைம் போய்விட்டதே என்றுதான் அழுதுகொண்டிருந்தேன்.