கரண்டு அக்காவுக்கு மறுத்த மானியம்

தெருவில் எல்லோரும் அவளைக் கரண்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை. வீட்டில் மின்சாரக் கார் சார்ஜர் பொருத்த அரசு மானியம் வந்ததிலிருந்து அவளுக்குக் கை ஓயவில்லை. கருவிப்பெட்டியை ஏற்றிப் போக அவளும் ஒரு பழைய மின்சார வேன் வாங்கினாள். அதற்கு ஒரு சார்ஜர் வைக்க மானியம் கேட்டு எழுதிப் போட்டாள். அவள் இருந்தது வாடகை அடுக்குமாடியில். வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்தார். பதினோரு குடித்தனக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

மானிய அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் காகிதங்களைப் புரட்டினார். "உங்க பேர்ல தனியா பார்க்கிங் இல்லையேம்மா. இது செல்லாது."

"சொந்த இடம் இருக்கிறவங்களுக்கு மட்டும்தானா சார் மானியம்?"

"ரூல் அப்படி. நான் என்ன பண்ண?"

அவள் காகிதங்களை வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மதியம் ஒரு பெரிய வீட்டில் வேலை. ஏற்கெனவே மானியத்தில் ஒரு சார்ஜர் இருந்தது. இது இரண்டாவது காருக்கு. "மானியம் கொடுக்க மூணு வாரம் இழுத்தடிச்சிட்டாங்க. என்ன அநியாயம் பாருங்க!" என்றார் வீட்டம்மா.

கரண்டு அக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "அநியாயம்னா என்னன்னு நான் சொல்லட்டுங்களா? இந்த ஏரியாவுல பாதி வீட்டுக்கு நான்தான் சார்ஜர் மாட்டினேன். எனக்கு ஒண்ணு மாட்டிக்க வழியில்ல. இடம் இருக்கிறவங்களுக்குத்தான் அரசாங்கம் கை கொடுக்குமாம்!"

அவள் வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் குடித்தனக்காரர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு அதே கவுண்டருக்குப் போனாள். மறுத்த காரணத்தை எழுத்தில் தரும்வரை நகரவில்லை. சாயங்காலம் கிடைத்தது. அதை வைத்து மேல்முறையீடு செய்து ஏழு மாதமாகிறது. இன்னும் பொது நிலையத்தில் வரிசையில் நின்றுதான் வேனுக்குச் சார்ஜ் போடுகிறாள்.