சிவப்புக்கு நிழல் பச்சை

நான் முதலில் கவனித்த தவறு ஓர் உளுந்தின் அகலம்கூட இருக்காது. கட்டைவிரல் உயரத்தில் ஒரு பொம்மைச் சிப்பாய். அவன் தோளிலிருந்து இறங்கும் சிவப்பு மேலங்கி. அதன் மடிப்பில், வெளிச்சம் பட வேண்டிய மேட்டில், கரும்பச்சையாக ஒரு கோடு. வேறு யார் தீட்டியிருந்தாலும் கை தவறிவிட்டது என்று விட்டிருப்பேன். பாவாவுக்குக் கை தவறாது.

பாவா என் அக்காவின் கணவர். திருத்தணி ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் மாடி வீடு எடுத்து, அதன் முன்னறையில் இந்த வேலையைச் செய்துவந்தார். வெளிநாடுகளில் பெரியவர்களே மேசைமேல் குட்டிப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் தூரம் அளந்து போர் விளையாடுகிறார்கள். வீரர்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகளாகத்தான் கடைக்கு வருவார்கள். தாங்களே தீட்டப் பொறுமை இல்லாதவர்கள் பார்சலில் அனுப்பி, தீட்டி வாங்கிக்கொள்வார்கள். பாவா முன்பு தினமும் ரயிலேறி சென்னையில் ஓர் அச்சு வடிவமைப்பு அலுவலகத்துக்குப் போய்வந்தவர். அங்கே உடன் வேலை செய்த ஒருவர் காட்டிய பொம்மைகளைப் பார்த்து இதில் இறங்கி, இரண்டு வருஷத்தில் ரயிலை விட்டுவிட்டார். படிப்பு முடித்தும் வேலை கிடைக்காமல் அக்காவோடு இருந்த நான், பொம்மைகளில் வார்ப்பு அச்சு விட்ட கோடுகளைச் சுரண்டுவேன், கை கால்களை ஒட்டுவேன், அடிப்பூச்சு தெளிப்பேன், பஞ்சு வைத்துப் பெட்டி கட்டுவேன். எட்டு வருஷம் அப்படிப் போயிற்று. தூரிகையை நான் தொட்டதில்லை. அவர் தரமாட்டேன் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது என்றுதான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். முதலில் பொம்மை முழுவதும் கறுப்பு. பிறகு உச்சியிலிருந்து மட்டும் வெள்ளையைப் புகைபோலத் தெளிப்பார். வெயில் மேலிருந்து விழுந்தால் எங்கெங்கே படுமோ அங்கெல்லாம் பொம்மை வெளுத்து நிற்கும். ஈரப் பஞ்சின்மேல் விரித்த காகிதத்தில் வண்ணம் குழைத்து, அதில் நீர் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் நிறமா தண்ணீரா என்று தெரியாத பதத்துக்குக் கொண்டுவருவார். அந்த நீரை இருபது முப்பது தடவை, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு, ஒரே இடத்தில் ஏற்றுவார். வெள்ளிப் பெயின்ட் தொடாமலே சாம்பலும் நீலமும் வெள்ளையும் வைத்து ஒரு வாளைப் பளபளக்கச் செய்வார். ஆனால் பாவாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது சிவப்புதான். சிவப்பின் நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் அழுக்காகிவிடும், வெளிச்சத்துக்கு வெள்ளையைச் சேர்த்தால் ரோஜா நிறமாகிவிடும் என்பார். நிழலுக்கு அவர் சிவப்பில் ஒரு துளி கரும்பச்சை கலப்பார், வெளிச்சத்துக்கு ஆரஞ்சு. பச்சை கலந்தது யார் கண்ணுக்கும் தெரியாது, அங்கி மட்டும் உண்மைத் துணிபோல ஆழம் கொண்டுவிடும்.

அந்த வருஷம் தை மாதத்தில் இருமல் ஆரம்பித்து நிற்கவேயில்லை. ஆள் பாதியாகிவிட்டார். சித்திரையில் சளியைச் சோதித்துவிட்டு காசநோய் என்றார்கள். அக்கா கனகம்மாசத்திரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர், அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் நான்தான் துணைக்குப் போயிருந்தேன். மாத்திரை அட்டைகளைக் கையில் கொடுத்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "ஆறு மாசம், ஒரு நாளும் விடக்கூடாது. சிலருக்கு இது கண்ணைத் தொடும். பார்வை மங்குனாலோ, கலர் மாறித் தெரிஞ்சாலோ அன்னிக்கே வந்துடணும்." பாவா தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். அந்த வாக்கியத்தை நான் கேட்கவில்லை என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது.

மாத்திரை வேலை செய்தது. இருமல் அடங்கியது, சோறு இறங்கியது. கீழே இருந்த வீட்டுக்காரருக்கு நோய் தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் நாட்களைத் தள்ளினோம். மூன்றாம் மாதம் பெரிய வேலை ஒன்று வந்தது: நாற்பது சிப்பாய்கள், ஒரு தளபதி, எல்லோருக்கும் சிவப்பு மேலங்கி. தளபதியைத் தன் ஊரில் நடக்கும் ஒரு வண்ணந்தீட்டும் போட்டிக்கு வைக்கப்போவதாகப் பார்சலை அனுப்பியவர் எழுதியிருந்தார். நான் பச்சைக் கோட்டைப் பார்த்தது அந்த நாற்பதில் ஆறாவது ஆளிடம்.

அவனை மற்ற ஐந்து பேரோடு வரிசையில் நிறுத்தினேன். மறுநாள் இரண்டு பொம்மைகளில் அதே தவறு. அதற்கடுத்த நாள் பாவா ஒரு புட்டியைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டி, "பாப்பா, இது செவப்பு தானே?" என்றார். அது பச்சை. "இல்ல பாவா, இந்தாங்க" என்று சரியானதை எடுத்துக் கொடுத்தேன். அன்று மதியம் எல்லாப் புட்டிகளிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினேன்.

"இதெல்லாம் இன்னாத்துக்கு?"

"சீக்கிரமா எடுக்கலாம்ல."

"ஆங். நல்லதாப் போச்சு" என்றார். அந்தச் சீட்டுகளையும் முகத்துக்கு வெகு அருகே கொண்டுபோய்த்தான் படித்தார்.

அவர் தெரிந்தே மறைத்தாரா, வெளிச்சத்தின் குறை என்று உண்மையாகவே நம்பினாரா, எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி மட்டும் தெரியும். மாத்திரைச் சோர்வில் மதியம் அவர் தூங்கும்போது, நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, கெட்டுப்போன அங்கிகளை மறுபடி தீட்டினேன். வேலை கைவிட்டுப் போகக்கூடாது என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. எட்டு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தது என் கையிலிருந்து வழியத் தொடங்கியிருந்தது. நீர்த்த சிவப்பு ஒரு மடிப்புக்குள் இறங்கி அங்கேயே நின்றபோது என் உடம்பு சிலிர்த்தது. மதியம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த மூன்று வாரமும் காலையில் தட்டில் மாத்திரை எடுத்துவைத்தது நான்தான்.

ஆடிக் கிருத்திகை வந்தது. தெரு முழுக்கக் காவடி, மஞ்சள் வேட்டிகள், அரோகரா. பாவா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வரளி மாலை சுற்றிய காவடிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "இன்னா இந்த வருசம் யாருமே செவப்புப் பூ கட்டல? எல்லாம் தழையாவே எடுத்துனு போறாங்க" என்றார்.

காபியோடு வந்த அக்கா அப்படியே நின்றாள். அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் வாய் தானாகத் திறந்தது. "அக்கா, பாவாக்கு செவப்பு தெரியல. டாக்டர் சொன்னாங்களே, அதுதான் போல கீது."

அன்றைக்கே ஓடினோம். டாக்டரம்மா கண்ணைக் கெடுத்த ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தி வேறு கொடுத்தார். கண் நரம்பைச் சோதித்த இன்னொரு டாக்டர், சிலருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, எவ்வளவு சீக்கிரம் நிறுத்தினோம் என்பதைப் பொறுத்தது என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். பாவா, "நாலஞ்சு நாளா இருக்கும்ங்க" என்றார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பவில்லை. நுரையீரல் சுத்தமாகிவிட்டது, கண் ஆகவில்லை. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் கறை, ஓரங்களில் மட்டும் உலகம். நாற்பது பேரையும் தளபதியையும் நானே முடித்து அனுப்பினேன். முகங்கள் அருமை என்று அனுப்பியவர் எழுதினார். முகங்கள் எல்லாம் அங்கிகளுக்கு முன்னமே பாவா தீட்டிவைத்தவை. அங்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவரிடமிருந்து அடுத்த பார்சலும் இல்லை. எல்லா மதியமும் எனக்கே கிடைத்துவிட்ட பிறகு என் கை மரத்துப்போனது. கூரியர் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பாவா இப்போது ஸ்டேஷன் பக்கத்து வண்டி நிறுத்தத்தில் டோக்கன் கொடுக்கிறார். எண்களைத் தடவிப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடுவார். மதியம் நான் சாப்பாடு கொண்டுபோவேன். போன வாரம் ஆர்.கே.பேட்டையிலிருந்து அவருடைய சித்தி வந்திருந்தார். கண்ணைப் பற்றி விசாரித்துப் புலம்பினார். பாவா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, எப்போதும் எல்லோரிடமும் சொல்வதையே சொன்னார்:

"இந்த மட்டும் தெரியறதே பாப்பாவாலதான் சித்தி. யாருமே கவனிக்கல, இவதான் கண்டுபுடிச்சா. இவ மட்டும் அன்னிக்கு சொல்லலன்னா முழுக்கப் போயிருக்கும்."

சித்தி என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் விடும்வரை நான் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றேன்.