பதினொரு வரியும் ஒரு பிஸ்கட் பக்கற்றும்

போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் கண்டியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். சனிக்கிழமை பிற்பகல்களில் பின்காலனிய இலக்கியக் கோட்பாடு படிக்கப் போவேன். அடக்கப்பட்டவர்களிடமும் தாமாகச் செயற்படும் ஆற்றல் உண்டு, எதிர்ப்பு கூச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மௌனமும் எதிர்ப்புத்தான் என்று விரிவுரையாளர் ஒருநாள் சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு சிறுகதை எழுதினேன்.

கதைக்கு ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். குண்டசாலையில் எங்கள் வேலிக்கு அப்பால் குடியிருந்த அக்கா, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். நகரத்தில் புடவைக் கடையில் வேலை. தங்கையின் கல்யாணத்துக்குத் தோட்டத்திலிருந்து பிலிமத்தலாவைக்கு பஸ் பிடித்துப் போனபோது சோதனைச் சாவடியில் மறித்ததை எனக்குச் சொல்லியிருந்தார். பெண்களை இறக்கி வரிசையில் நிறுத்தி, சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார்களாம். என் கதையில் பெண்கள் மௌனமாக நின்றார்கள். மணப்பெண்ணின் அக்கா சத்தமில்லாமல் அழுதாள். விரிவுரையாளர் கடைசிப் பந்தியை வகுப்பில் இரண்டு முறை வாசித்தார். ஓர் இலக்கியச் சிற்றிதழும் ஏற்றுக்கொண்டது.

பிழை பார்க்கும் அச்சுப்படி கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அதை அக்காவிடம் கொண்டுபோனேன். முற்றத்தில் கதிரை போட்டுத் தந்தார். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பாராட்டுவார் என்றுதான் போயிருந்தேன்.

முடிந்ததும், "யாரு தம்பி இந்தப் பொம்பள?" என்றார்.

"நீங்கதான் அக்கா."

"நான் எங்க அழுதேன்? ஒங்ககிட்ட சொன்னப்ப நீங்களுந்தானே சிரிச்சீங்க?"

சிரித்தது உண்மை. தட்டைத் திறக்கச் சொன்ன ஆமிக்காரர்களுக்கு அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரு வழக்கத்தை விளக்கியிருக்கிறார். சீர்த்தட்டின் துணியை யார் விலக்கினாலும் அவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஆகிவிடுவார். அவருக்குச் சந்தனம் பூசிப் பன்னீர் தெளிக்க வேண்டும். அவரும் தட்டில் ஏதாவது வைக்காமல் போகக் கூடாது. வழக்கத்தில் பாதி அந்த இடத்திலேயே பிறந்தது. சொன்னதோடு நிற்காமல், முன்னால் நின்றவரின் கையில் சந்தனத்தைத் தடவியும்விட்டார். மற்றப் பெண்கள் பன்னீர்ச் செம்பை எடுத்தார்கள். மூன்றாவது தட்டோடு சோதனை நின்றது. பஸ் புறப்படும்போது ஒரு சிப்பாய் ஓடிவந்து தட்டில் ஒரு பிஸ்கட் பக்கற்றை வைத்தான். முகூர்த்தம் தப்பவில்லை.

"அழுதோம்னு அச்சுல வந்தா, எந் தங்கச்சி கல்யாணம் அழுத கல்யாணம்னு ஆயிரும். மாத்திருங்க தம்பி," என்றார்.

மறுநாள் காலை அச்சு ஏறிவிடும் என்றேன். அப்படியானால் விடிந்ததும் போவோம் என்று கடையில் அரைநாள் லீவு எடுத்தார்.

அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அழுகை பதினொரு வரி. எடுத்தால் அதே பதினொரு வரிதான் வைக்கலாம், ஒரு வரி கூடினாலும் பக்கத்தைச் சட்டத்துக்குள் பூட்ட முடியாது என்றார். எனக்குப் பழகிய வேலை. அக்கா சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். சந்தனம் வந்தது, பன்னீர் வந்தது. மௌனமே அவர்களின் எதிர்ப்பு என்ற வாக்கியத்தை மட்டும் நான் விடவில்லை. அது இரண்டு வரி. அதோடு பதினொன்றும் நிரம்பிவிட்டன. பிஸ்கட்டுக்கு இடமில்லை.

அந்த இரண்டு வரியில் என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டார். சொன்னேன்.

"அன்னைக்கு நாங்க போட்ட சத்தத்துல பஸ்சே குலுங்குச்சு. மௌனத்தத் தூக்கிட்டு பிஸ்கட்டப் போடுங்க."

எழுத்துக் கோப்பவர் முதலில் சிரித்தார். பிறகு நான். "ஓம் அக்கா," என்று இரண்டு வரியையும் வெட்டினேன்.

புதுப் படி வந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பிஸ்கட் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார், காட்டினேன். ஈர மையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கறுத்த விரலோடு கடைக்குப் போனார்.

இதழ் வந்த சனிக்கிழமை, மௌனம் எங்கே என்று விரிவுரையாளர் கேட்டார். இடம் போதவில்லை என்றேன். அக்கா வாங்கிய பிரதி பிலிமத்தலாவையில் தங்கையின் கல்யாண அல்பத்துக்குள் இருந்தது. வருகிறவர்களுக்குப் படங்களைக் காட்டி முடித்ததும் தங்கை அந்தப் பக்கத்தையும் திறந்து காட்டுவாராம்.