பாலம் திறந்த மாதம்

திருத்தங்கலில் ரயில்வே கேட் பக்கம்தான் எங்கள் வீடு. கேட் மூடியிருந்தால் என் மனைவி தண்டவாளத்தைத் தாண்டி ஓடித்தான் பட்டாசுக் கம்பெனிக்கு பஸ் பிடிப்பாள். இப்போது பாலம் வந்துவிட்டது. தெருமுனையிலேயே பஸ் ஸ்டாப், நிழற்குடை, விளக்கு. தெருவே பளிச்சென்று தெளிச்சியாகிவிட்டது.

பாலம் திறந்த அதே மாதம் அவள் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தோம். கண்பார்வை மங்கியவளை யாரும் சேர்க்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் தலைசீவி, ஸ்டாப்பில் போய் உட்காருகிறாள்.

"அங்கன போயி எதுக்கு உக்கார்ற?" என்று கேட்டேன்.

"வீட்டுல இருந்தா பஸ் சத்தம் மட்டும் கேக்குது. அங்கன போனா நாலு பேரு மொகத்தப் பாக்கலாம்ல."

மறுநாள் நானும் கூடப் போனேன். பஸ் வந்து மற்ற பெண்களை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறிப் போனது. அவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.