ஆனி கடைசியில் காலி செய்த முகவரி

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூர் தொழிற்பேட்டையில், பித்தளை வால்வு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். படிப்பு பத்தாவதும் டைப்ரைட்டிங் ஹையரும். காவேரிப்பட்டினத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். முதலாளியிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் ஐந்து "சரிங்க சார்" ஆக இருக்கும்.

கம்ப்யூட்டர் வந்தபோது அது என் மேஜைக்கு வந்தது. பிறகு கம்பெனிக்கு வெப்சைட் வந்தது, அதுவும் என் தலையில். பெங்களூரில் ஒருவரிடம் அதை வைத்திருந்தோம். வாரத்தில் இரண்டு நாள் திறக்காது. அந்தச் சமயம் பெங்களூர் கண்காட்சியில் ஒரு வெளிநாட்டுக்காரர் எங்கள் வால்வைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். "அடுத்த வாரம் உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு மெயில் போடுகிறேன்" என்றாராம். அவரிடம் விசிட்டிங் கார்டு தீர்ந்துபோயிருந்ததால் எங்கள் கார்டு மட்டும் அவரிடம் போனது. அந்த ஆர்டரை நம்பி முதலாளி இரண்டாவது ஷிப்ட் ஆரம்பித்து ஆறு பேரை எடுத்திருந்தார். மெயில் வந்தால் ஆறு பேரும் நிரந்தரம்.

அவர் பார்க்கும் நேரத்தில் வெப்சைட் படுத்துக்கொள்ளக் கூடாது என்று, வேறொரு கம்பெனிக்கு மாற்ற முடிவானது. அந்தக் கம்பெனி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாள் ஃபேக்ஸ் அனுப்பியது. எங்கள் வெப்சைட்டின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பதிவு அமெரிக்காவில் ஓர் ஆபீஸில் இருக்கிறது. இனி இந்தப் புது இடம் என்று அவர்களுக்கு மெயில் போட வேண்டும். அவர்கள் "நிஜமாக நீங்கள்தானா?" என்று கேட்டு எங்கள் மெயிலுக்கே பதில் போடுவார்கள். அதற்கு ஆமாம் என்று சொன்னால் மாறிவிடும். நான்காவது வரி: புது இடத்தில் பக்கம் தெரிகிற வரை பழைய இடத்தை மூடாதீர்கள்.

முதலாளி தாளைப் படிக்கவில்லை.

"ஏம்மா, இது வீடு மாத்தற மாதிரிதானே?"

"ஆமாங்க சார்."

"அப்ப ஆடி பொறக்கறதுக்குள்ள மாத்திடணும். ஆனி கடைசி நாளே பழைய இடத்தைக் காலி பண்றோம்னு லெட்டர் அடிச்சுடு."

நான்காவது வரி என் கையில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஆனி ஆடி பார்ப்பதில்லை. நான் வாயைத் திறந்தால், "பாய் வீட்டுப் பொண்ணுக்கு ஆடியைப் பத்தி என்ன தெரியும்" என்று நினைத்துவிடுவாரோ என்று தோன்றியது. அவர் அப்படி நினைக்கிறவரே இல்லை. ஆனாலும் தோன்றியது. "சரிங்க சார்" என்று சொல்லி லெட்டர் அடித்தேன்.

காலையில் அமெரிக்காவுக்கு மெயில் போட்டேன். மத்தியானம் பழைய இடத்துக்கு ஃபேக்ஸ். வாரா வாரம் புகார் சொன்னதில் அவர்களுக்கு ஏற்கெனவே எங்கள் மேல் கோபம், சாயந்திரத்துக்குள் மூடிவிட்டார்கள். எங்கள் மெயில் பெட்டியும் அங்கேதான் இருந்தது. "நீங்கள்தானா?" என்ற கேள்வி, இல்லாத பெட்டிக்குப் போய்ச் சேராமல் திரும்பியிருக்கும். பழைய இடம் போனது, புது இடத்தில் பக்கத்தை ஏற்றி வைத்திருந்தும் அதற்கு வழி திறக்கவில்லை. எங்கள் பெயரை அடித்தால் வெள்ளைத் திரைதான்.

பழைய இடத்துக்கு போன் செய்து, திரும்ப இரண்டு நாள் மட்டும் திறந்து வையுங்கள் என்று கெஞ்சினேன். "எல்லாம் அழிச்சாச்சும்மா" என்று வைத்துவிட்டார்கள். ஃபோர்மேன் வாசலில் நின்று, "என்னா மேடம், புது வீட்ல பால் காய்ச்சியாச்சா? எங்களுக்கு ஒரு டம்ளர் கூட வரலையே" என்றார். அவருக்குப் பின்னால் இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் வருகைக் கார்டு போட வரிசையில் நின்றார்கள். அவர்களும் சிரித்தார்கள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் இன்டர்நெட் போட ஆபீஸ் போன் லைன் கிடைக்கவில்லை. பஸ் ஏறி, கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டி அத்திப்பள்ளியில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போனேன். கடைக்காரர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். விஷயத்தைச் சொல்லும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழாதீங்க அக்கா. வீட்டைக் காலி பண்ணிட்டு, தபால்காரர் அங்கேயே வந்து கூப்பிடுவார்னு உக்காந்திருக்கீங்க, அவ்ளோதான்" என்றார். பிறகு அமெரிக்காப் பதிவைத் திறந்து காட்டினார். "மெயில் இல்லேன்னா லெட்டர்ஹெட்ல ஃபேக்ஸ் அனுப்பலாம். பொறுப்பாளர் கையெழுத்து வேணும். யாரு அது?"

திரையில் என் பெயர். இரண்டு வருஷம் முன்பு ஃபாரம் நிரப்பும்போது, "போன் எடுக்கறது நீதானே, உன் பேரையே போடு" என்று முதலாளி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று ஆபீஸுக்குத் திரும்பி லெட்டர்ஹெட்டில் போட்டேன். கோணலாக வந்த கையெழுத்தைப் பார்த்து, அது நான் இல்லை என்று அவர்கள் சொல்லிவிடுவார்களோ என்று இன்னொரு தாளில் திரும்பவும் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினேன்.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாவது நாள் மாற்றிவிட்டதாக ஃபேக்ஸ் வந்தது. ஆனாலும் பக்கம் உடனே தெரியவில்லை. ஊர் ஊராகச் செய்தி பரவ இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார் அத்திப்பள்ளிக்காரர். தினமும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த பஸ்ஸில் போய் வந்தேன். ஆறாம் நாள் எங்கள் வால்வின் படம் மேலிருந்து வரி வரியாகத் திரையில் இறங்கியது. முழுதாக வரும்வரை மவுஸைத் தொடவில்லை.

மெயில் பெட்டியைத் திறந்தேன். காலி. மறுநாளும் காலி. அந்த ஆறு நாளில் வந்து திரும்பிப் போனது எது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. கம்பெனி மூடிவிட்டது என்று அந்த வெளிநாட்டுக்காரர் நினைத்திருக்கலாம். மாதம் முடிந்ததும் இரண்டாவது ஷிப்ட் நின்றது. ஆறு பேரில் ஒருவர் கல்லாவி ஊர்க்காரர். போகும்போது என் மேஜைக்கு வந்து, "வரேன் மேடம், மெயில் வந்தா சொல்லி அனுப்புங்க" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு மேஜைக்கு வந்தார்.

"விடும்மா. உன் தப்பு ஒண்ணும் இல்ல. ஒரு நாள் முன்னாடியே காலி பண்ணியிருக்கணும். வேலை இழுத்து ஆடியில போய் விழுந்துடுச்சு, அதான் இப்படி."

தாள் என் டிராயரில் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். நான்காவது வரியில் விரல் வைத்தால் போதும்.

"ஆமாங்க சார்" என்றேன்.