மஞ்சள் கேசட்

சிவநேசனைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்க்கும் வேலையில் என் பக்கத்து மேசைக்காரன். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் வீடு. வீட்டில் மனைவி காமினி, ஒரு பழைய டிவி, அலமாரி நிறைய வீடியோ கேம் கேசட்டுகள். சின்ன வயதில் மெஷினில் செருகி விளையாடுவோமே, கையகலப் பிளாஸ்டிக் கேசட், அதேதான். அந்த அலமாரியில் ஒரே ஒரு இடம் மட்டும் காலி. பினாங்குக்கு அந்தக் காலத்தில் வந்ததெல்லாம் ஜப்பான் எழுத்துக் கேசட். ஒரு டிராகன் விளையாட்டின் ஆங்கிலக் கேசட் மஞ்சள் நிறத்தில் வந்திருந்தது, அது மட்டும் யாரிடமும் கிடைக்கவில்லை. அந்தக் காலி இடத்தையும் துணியால் துடைத்து வைப்பான். பைத்தியம்தான், வேறென்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் நூர்ஜான் அக்கா தட்டுமுட்டுச் சாமான்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். கெப்பாலா பத்தாசில் இருக்கும் மகள் ஹுஸ்னா வீட்டோடு போகப்போகிறாராம். அவருடைய பிஸ்கட் டின்னுக்குள் மஞ்சளாக ஒன்று கிடந்தது. சிவநேசன் முகத்தில் எதையும் காட்டவில்லை. இஸ்திரிப் பெட்டியை விசாரித்தான், குடையை விரித்துப் பார்த்தான், கடைசியில் போகிற போக்கில் "இதயும் சேத்துப் போடுங்கக்கா" என்றான். கேசட் சேர்ப்பவர்கள் இதைச் சாமர்த்தியம் என்பார்கள். எனக்கு வேறு வார்த்தை வாயில் வருகிறது.

"என் மகன் அஸ்லானோடது தம்பி. மோட்டர்ல அடிபட்டு மவுத்தாயிட்டான். மெஷினும் கெட்டுப்போச்சு, இத வெச்சி நான் என்ன செய்ய?" என்றார் அக்கா. வேறு கேசட் அகப்பட்டால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பரைக் கொடுத்துவிட்டு இவன் பறந்து வந்தான்.

புதுக் கேசட் வந்தால் முதலில் பேட்டரி, பிறகுதான் மற்றதெல்லாம். அது இவன் பழக்கம். கேசட்டுக்குள் காசு போல ஒரு பேட்டரி இருக்கும். விளையாட்டு எந்த இடத்தில் நின்றது, வீரனுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அது உயிரோடு இருக்கும்வரைதான் நிற்கும். பழைய பேட்டரி கசிந்தால் போர்டையே தின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே மாற்றினால் ஒன்றும் அழியாது. எங்களுக்கு அது கைவந்த வேலை. அவசரத்தில் அதைச் செய்யவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை போட்டுப் பார்க்கவும் இல்லை. கழற்றினான், மாற்றினான், அலமாரியில் வைத்து போட்டோ எடுத்து எங்களுக்கெல்லாம் அனுப்பினான்.

சில நாள் கழித்து நூர்ஜான் அக்கா கூப்பிட்டார். "தம்பி, அவன் வெளாண்டது மெஷின்லதான் இருந்திச்சின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அந்த கேசட்டுக்குள்ளயே இருக்குமாமே, ஹுஸ்னா சொல்றா. ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுவியா? பாத்துட்டுப் போயிடறேன்லா. கேசட் ஒனக்குத்தான்."

சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டான். போனை வைத்த பிறகுதான் கழற்றிப் போட்ட பழைய பேட்டரி அவனுக்கு ஞாபகம் வந்ததாம்.

"அழிஞ்சி போச்சின்னு சொல்லிடுங்க" என்றாள் காமினி.

"எப்படி சொல்றது? ஆசயா கேட்டாங்க."

சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து தினமும் அந்த விளையாட்டை ஆடினான். ஒரு பையன் எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று கணக்குப் போட்டு ஒரு கோட்டை வாசலில் நிறுத்தினான். வீரனுக்கு அஸ்லான் என்று பெயர் வைத்தான். "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறீங்க" என்ற காமினி அதன் பிறகு அந்த அறைப் பக்கமே வரவில்லை.

சனிக்கிழமை நூர்ஜான் அக்கா நல்ல சேலை உடுத்தி, முக்காடு போட்டு வந்தார். டிவிக்கு நேராக உட்கார்ந்தார். திரையில் வீரன் வந்து நின்றான், மேலே பெயர். அக்காவுக்கு ஆங்கில எழுத்து படிக்கத் தெரியும். ஒருமுறை படித்தார், கிட்டே போய் மறுபடியும் படித்தார்.

"என் பேரு இல்லயே" என்றார்.

சிவநேசனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எப்பவும் எம்பேரத்தான் வெப்பான் தம்பி. நான் அடுப்புகிட்ட நிப்பேன். 'உம்மா, நீங்க இன்னிக்கி டிராகன கொன்னுட்டீங்க'ன்னு டிவிகிட்டேருந்து கத்துவான். எனக்கு சிரிப்பா வரும்." பிறகு முக்காட்டைச் சரி செய்துகொண்டார். "பரவாயில்லலா. சின்னப்புள்ளதானே. உம்மாவ சந்தோசப்படுத்தறதுக்கு சும்மா ஒரு பொய் சொல்லியிருக்கான்."

அந்த இடத்தில் இவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பான். அக்கா டீ குடித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் செத்துப்போன பையன் தன்னால் பொய்யனாகி நிற்பதை அவனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அஸ்லான் பொய் சொல்லலக்கா. நான்தான். பேட்டரிய மாத்தறப்ப அவன் வெளாண்டது எல்லாமே போயிருச்சி. இது நான் வெளாண்டது, நான் வெச்ச பேரு."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டான்.

"அழிஞ்சது அழிஞ்சி போச்சி" என்றார். "தெரியாம செஞ்சே. ஆனா எம்புள்ள மேல என்னயவே சந்தேகப்பட வெச்சிட்டியே தம்பி."

கேசட்டைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு? அவன் இதுல இல்ல. நீதானே ஆசப்பட்டே, நீயே வெச்சிக்க."

காமினிதான் மின்தூக்கிவரை கூடப்போய் வழியனுப்பினாள்.

அலமாரி இப்போது நிறைந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் முதலில் அந்த மஞ்சள் கேசட்டைத்தான் கேட்கிறார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டால் சந்தையில் என்பான். போன வாரம் நான் அதை எடுத்து மெஷினில் போடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போடாதே" என்றான். "அதுல ஒண்ணும் இல்ல."