இரட்டைக் கோளமும் வீப்கேயின் கையும்

ஹாம்பர்க்கில் எங்கள் பட்டறைக்கு டாக்டர் பட்டக்காரர்கள் நிறையப் பேர் வந்து போவார்கள். உலோகத்தைத் தொடத் தெரிந்தவள் ஒருத்திதான், வீப்கே லோரன்சன். இருபத்தாறு வருஷம் அவளுக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் முன்னால் இருந்தது நியோபியம் உலோகத்தில் செய்த இரட்டைக் கோளம். உள்ளே வெறும் கூடு, சுவர் இரண்டு மில்லிமீட்டர். ஈர்ப்பலைகளில் மிக வேகமாகத் துடிப்பவை பெரிய கருவிகளுக்கு எட்டாது. தெரிந்த எந்த நட்சத்திரமும் அப்படியொரு அலையை அனுப்பாது. ஒன்று சிக்கினால் பௌதிகப் புத்தகத்தையே திருத்த வேண்டும். அதைப் பிடிக்கத்தான் இந்தக் கருவி; அதற்கு இரண்டு கோளமும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். கோளத்தை அமுக்கினால் சுருதி ஏறும். ஒன்பது நாளாக வீப்கே திருகை வைத்து இம்மி இம்மியாக அமுக்கிச் சேர்த்திருந்தாள். கொஞ்சம் கூடினாலும் கூடு நசுங்கிவிடும். வேறு கோளம் கிடையாது, செய்தவர்களும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

ஆராய்ச்சித் தலைவன் ட்யார்க்குக்குத் திங்கட்கிழமை, கோளத்தை உறைகுளிரில் இறக்கிச் சோதிக்கும் குளிர்தொட்டியில் முறை. மனுஷன் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றான்.

"இடது கோளம் சுருதி இன்னும் இறக்கமாத்தான் காட்டுது. இன்னொரு அமுக்கு அமுக்கு."

"மாட்டேன். காலையில சரியாத்தானே இருந்துச்சு, இப்ப ஏன் இறங்குது?"

"கணக்கை நான் பாத்துக்குறேன். நீ திருகு."

"கணக்குப் புலியே, மொதல்ல அந்த விளக்கைத் தள்ளி வை. கோளத்து மேலயே சாய்ச்சு வச்சிருக்க. சூட்டுல வீங்கியிருக்கு, அதான் சுருதி இறங்குது."

"ஒரு விளக்குச் சூடா?" என்று சீறி அவனே திருகைப் பிடித்தான்.

வீப்கே வாதாடவில்லை. திருகின் முனைக்கும் கோளத்துக்கும் நடுவே இடது உள்ளங்கையைச் செருகிவிட்டாள். அவன் பார்ப்பதற்குள் அரைச் சுற்று திருப்பியாகிவிட்டது. அவள் முகம் சுருங்கியது, சத்தம் வரவில்லை. நான் ஓடிப்போய் விளக்கை அணைத்தேன். அவன் திருகைத் தளர்த்தினான்.

"இப்ப என் கைச்சூடும் சேந்துருச்சு," என்றாள். "எல்லாரும் வெளிய போவோம், கோளம் ஆறட்டும். மூணு மணி நேரத்துக்கு யாரும் உள்ள வரக் கூடாது."

உணவகத்தில் ட்யார்க் மீன் ரொட்டியைத் தொடவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன், அதையும் நானே தின்றேன்.

திரும்பி வந்து பார்த்தால் சுருதி காட்டும் திரையில் இரண்டு கோளங்களின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன.  ட்யார்க் அவள் கையை வாங்கிப் பார்த்தான். உள்ளங்கை நடுவில் ஊதா நிறத்தில் ஒரு குழி.

"ஏன் இப்படிச் செஞ்ச? கத்தியிருக்கலாமே."

"கத்தினா நீ கேட்டிருப்பியா? எனக்குக் கை ரெண்டு இருக்கு, ட்யார்க். உனக்கு இந்தக் கோளம் ஒண்ணுதான்."